ரெட்டெயில் கேட்ஃபிஷ் வாங்கலாமா? இப்ப 4 அடித் தொட்டி, பிறகு 6 அடிக்கு மாத்தும் யோசனை

தொட்டிவாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை படிச்சதோட சரி, இதுதான் முதல் பதிவு. என்கிட்ட 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துல ஒரு தொட்டி ஓடிக்கிட்டிருக்கு. அதுல சில்வர் டாலர் மீன் கூட்டம் மட்டும்தான். அதை ஒரு நண்பருக்குக் கொடுத்துட்டு, ஒரே ஒரு ரெட்டெயில் கேட்ஃபிஷ் (சிவப்பு வால் கெளுத்தி) வைக்கணும்னு ஆசை. விரல் நீளக் குட்டி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். கருத்த முதுகு, பக்கவாட்டுல வெள்ளைப் பட்டை, வால்ல ஆரஞ்சு. மீசையை முன்னால நீட்டிக்கிட்டு கண்ணாடியை ஒட்டி அசையாம கிடந்தது. பார்த்ததுல இருந்து வேற மீன் மேல மனசு போகல.

4 அடித் தொட்டி இதுக்கு எவ்வளவு காலம் தாங்கும்? பிறகு 6க்கு 2க்கு 2 போட்டுட்டா கடைசி வரைக்கும் போதுமா? உயிர் மீன் போட்டே ஆகணுமா? ஃபில்டர் எந்த அளவு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கருவிரால் எழுதியது:

தாராளமா வாங்குங்க ப்ரோ. தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் மீன் வளரும். சின்ன இடத்துல வச்சா ஒரு அளவோட நின்னுடும். தீனியைக் குறைச்சுக் கொடுத்தா இன்னும் மெதுவா வளரும். 6 அடி தாராளம். வாரம் ரெண்டு தடவை உயிர் மீன் போடுங்க, அது வேட்டையாடுற அழகே தனி.

ஆழக்கயம் எழுதியது:

தம்பி, குட்டியை வாங்குறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, அதுக்கே நன்றி. பெரும்பாலும் மீன் ஒன்றரை அடி ஆன பிறகுதான் என்கிட்ட வருவாங்க, "அக்கா, இதை வாங்கிக்கிறீங்களா"ன்னு. பெரிய மீன்களை வச்சுக்க முடியாதவங்ககிட்ட இருந்து வாங்கி வளர்க்கிறவள் நான். அந்த அனுபவத்துல இருந்து சொல்றேன்.

தொட்டிக்கு ஏத்த மாதிரி மீன் வளரும்னு கருவிரால் சொன்னதை முதல்ல எடுத்து வைப்போம். ரெட்டெயில் அமேசான், ஓரினோக்கோ, எசெக்கிபோ ஆற்றுப் படுகைகள்ல வாழுற மீன். முழுசா வளர்ந்தா ஒரு மீட்டரைத் தாண்டும். நல்லா தீனி கிடைக்கிற குட்டி முதல் வருஷத்துலயே 45-ல இருந்து 60 சென்டிமீட்டர் வரை போயிடும். சின்னத் தொட்டியில அந்த வளர்ச்சி தானா அழகா நிக்கிறதில்ல. தண்ணி கெடுது, அசைய இடமில்ல, உடம்பு குன்றுது. அப்படி வந்த மீன்கள்ல முதுகெலும்பு வளைஞ்சதைப் பார்த்திருக்கேன், எந்நேரமும் கண்ணாடியில இடிச்சு மூக்கு தேய்ஞ்சு வெளுத்துப் போனதைப் பார்த்திருக்கேன். பதினஞ்சு இருபது வருஷம் வாழ வேண்டிய மீன் ரெண்டு மூணு வருஷத்துல செத்துப்போகும். அது நின்ன வளர்ச்சி இல்ல, நோய். தீனியைக் குறைச்சு வளர்ச்சியை அடக்குறதும் பட்டினி போடுறதுதான்.

6 அடித் தொட்டியில நீளத்தை விடுங்க, அகலத்தைப் பாருங்க. ரெண்டு அடின்னா 60 சென்டிமீட்டர். மீன் அந்த அளவைத் தொட்டதும் திரும்புறதுக்கே உடம்பை மடக்கணும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல அந்த நிலைமை வந்துடும். வளர்ந்த ரெட்டெயிலுக்கு அகலம் குறைஞ்சது அதோட உடம்பு நீளத்துக்கு மேல இருக்கணும். என் கணக்குல 12 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம். அதுவே தாராளம் இல்ல, ஆரம்பம்.

குடுவை எழுதியது:

அக்கா சொன்ன அளவை லிட்டராக்கிப் பாருங்கள். 12க்கு 6க்கு 3 என்றால் 216 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 6,100 லிட்டர். தண்ணீர் மட்டுமே 6 டன். உங்கள் 4 அடித் தொட்டி 255 லிட்டர், நினைத்திருக்கும் 6 அடித் தொட்டி 680 லிட்டர்.

இட நெருக்கடி கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் நடப்பது தெரியாது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மீன் பண்ணைகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தீனியின் எடை × அதிலுள்ள புரத விகிதம் × 0.092. வருவது அந்தத் தீனியிலிருந்து தண்ணீரில் சேரும் அமோனியா நைட்ரஜன். 45 சதவீதப் புரதமுள்ள பெல்லட் (உருண்டைத் தீனி) 100 கிராம் போட்டால் சுமார் 4 கிராம். 680 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 6 மில்லிகிராம். உங்கள் பயோ ஃபில்டர் (அமோனியாவை மாற்றும் பாக்டீரியா தங்கும் ஃபில்டர்) குறையில்லாமல் வேலை செய்து அவ்வளவையும் நைட்ரேட்டாக மாற்றிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு வேளைத் தீனியில் நைட்ரேட் லிட்டருக்கு 26, 27 மில்லிகிராம் ஏறிவிடும். நைட்ரேட்டை 40-க்குக் கீழே வைக்க நினைப்பவர், இரண்டாவது முறை தீனி போடும்போதே எல்லையைத் தாண்டிவிடுவார். வளர்ந்த ரெட்டெயிலுக்கு 100 கிராம் பெரிய சாப்பாடே இல்லை.

ஆக, "எவ்வளவு பெரிய ஃபில்டர்" என்ற கேள்விக்கு என் பதில்: எந்த ஃபில்டரும் நைட்ரேட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டாது. அதைச் செய்வது தண்ணீர் மாற்றுவதுதான். வாரம் பாதித் தண்ணீரை மாற்றப்போகிறீர்கள் என்றால், குளோரின் நீக்கிய, வெப்பநிலை ஒத்த தண்ணீர் அத்தனை லிட்டர் உங்களிடம் ஒவ்வொரு வாரமும் தயாராக இருக்க வேண்டும். 6 டன் தொட்டிக்கு 3 டன்.

இன்னொரு ஆபத்து இதைவிட மோசம். அமோனியாவை மாற்றும் பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது பிஹெச் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் திறனை, தின்றுகொண்டே போகும். தீனி அதிகம், தண்ணீர் மாற்றம் குறைவு என்றால் பிஹெச் சரசரவென இறங்கும். 6-க்கும் கீழே போனால் பாக்டீரியாவும் சோர்ந்துவிடும், அமோனியா தேங்கும். ஆனால் அந்தப் பிஹெச்சில் அது பெரும்பாலும் அமோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன் நன்றாகத்தான் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒருவர் "நாளாகிவிட்டதே" என்று பாதித் தொட்டியைக் காலி செய்து பிஹெச் 8 உள்ள தண்ணீரை ஊற்றுகிறார். பிஹெச் ஒரு புள்ளி ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு சுமார் பத்து மடங்காகும். சில மணி நேரத்தில் மீன் போய்விடும். "நல்ல தண்ணீர்தான் ஊற்றினேன், ஏன் செத்தது" என்று கேட்பார்கள். பெரிய மீன் வைப்பவர் அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றோடு காரத்தன்மைக்கும் டெஸ்ட் கிட் வைத்திருக்க வேண்டும்.

மேட்டுக்கேணி எழுதியது:

எல்லாரும் பயமுறுத்துற மாதிரியே பேசுறீங்க. நான் ரெட்டெயில் வச்சிருக்கேன், நல்லாவே இருக்கு. ஆனா தொட்டியில இல்ல, வீட்டுக்குள்ளேயே கட்டின சிமென்ட் குளத்துல. அதனால முடியவே முடியாதுன்னு சொல்லாதீங்க, என்ன வேணும்னு சொல்லுங்க.

எனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சதைச் சொல்றேன். குளத்தை முதல்ல கட்டணும், குட்டி பிறகு வரணும். புது சிமென்ட்ல சுண்ணாம்பு கசிஞ்சு பிஹெச் ஏறும், பல தடவை தண்ணி நிரப்பி இறக்கணும், இல்லன்னா மேல பூச்சு கொடுக்கணும். ஹீட்டர், தெர்மாமீட்டர், குழாய் எதுவுமே மீன் இருக்கிற பக்கம் இருக்கக் கூடாது. எல்லாம் சம்ப்ல, அதாவது தண்ணி சுத்தி வர்ற தனி ஃபில்டர் தொட்டியில. இந்த மீன் ஒரு வால் வீச்சுல கண்ணாடி ஹீட்டரை உடைச்சிடும். கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச், சக்ஷன் கப், வாய்க்குள்ள போற எதையும் விழுங்கிப் பார்க்கும். சிலதைத் திரும்பக் கக்கும், சிலது குடல்ல அடைச்சுக்கும். அதனால என் குளத்துல அடியில மணல் தவிர ஒண்ணும் கிடையாது.

கரண்ட் போச்சுன்னா என்ன செய்வீங்கன்னு இப்பவே யோசிங்க. பெரிய உடம்பு, நிறைய ஆக்சிஜன் வேணும். பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் இல்லாம நான் ஒரு ராத்திரி கூட விடமாட்டேன்.

அது சாப்பிடுறதை ஒரு தரம் பார்த்தா மறக்க மாட்டீங்க. பெல்லட் விழுந்த சத்தத்துக்கு அவசரமே படாது. அடியில கிடந்தபடியே மீசை ரெண்டும் முன்னால வளையும், மெல்ல நகர்ந்து வரும். பிறகு தலை அகலத்துக்கு வாய் திறக்கும், ஒரு பெரிய மிடறு தண்ணியோட பெல்லட் மொத்தமும் காணாமப் போகும். செவுள் மூடி ரெண்டும் விரிஞ்சு தண்ணியை மட்டும் பின்னால தள்ளும். நான் குளத்துப் பக்கம் போனாலே மேல வந்து நிக்கும், தலையைத் தடவ விடும். இந்த மீன் மேல ஆசைப்படுறவங்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆழக்கயம் எழுதியது:

மேட்டுக்கேணி சார் சொன்னதுல எனக்கு மறுப்பு இல்ல. குளத்தை முதல்ல கட்டணும், குட்டி பிறகு வரணும்ங்கிறதைத்தான் நானும் சொல்ல வர்றேன். "பிறகு பெரிய தொட்டி போடுவேன்"ங்கிறதை நம்பி எந்தப் பெரிய மீனையும் வாங்கக் கூடாது. அந்தப் "பிறகு" வர்றதுக்குள்ள வேலை மாறும், வீடு மாறும், குழந்தை பிறக்கும். மீன் மட்டும் நிக்காம வளர்ந்துக்கிட்டே இருக்கும்.

நீலக்கூழாங்கல் எழுதியது:

நான் புதுசு. வளர்ந்த மீனை வச்சுக்க முடியலன்னா பெரிய அக்வேரியங்களுக்குக் கொடுக்க முடியாதா? இல்ல, பக்கத்துல ஏதாவது ஏரியில விட்டா அது பாட்டுக்கு நல்லா வாழுமே?

குடுவை எழுதியது:

ஏரியில் விடுவது கூடவே கூடாது. அழுத்திச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிராஃப்டன் என்ற ஊரில் 2002-ல் ஒரு குளத்தில் வடக்கு விரால் என்ற ஆசிய மீன் பிடிபட்டது. ஒருவர் இரண்டு உயிர் மீன்களை வாங்கிச் சில காலம் தொட்டியில் வைத்திருந்து, வளர்ந்ததும் குளத்தில் விட்டிருக்கிறார். அவை இனம் பெருக்கி நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகிவிட்டன. கடைசியில் ரோட்டினோன் என்ற மருந்தைக் கலந்து அந்தக் குளத்தின் மீன் மொத்தத்தையும் கொன்றுதான் தீர்த்தார்கள். அதே ஆண்டு விரால் குடும்பம் முழுவதையும் கேடு விளைவிக்கும் உயிர்கள் பட்டியலில் சேர்த்து இறக்குமதிக்குத் தடை போட்டது அந்த நாடு.

வட அமெரிக்க மீனான அலிகேட்டர் கார் ஆசியாவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வலையில் சிக்குகிறது. தானாக நீந்தி வரவில்லை, தொட்டியிலிருந்து வந்தது. வேட்டை மீன் ஒன்று புதிய நீர்நிலைக்குப் போனால், அதற்கு அஞ்சி ஒதுங்கப் பழகாத உள்ளூர் மீன்கள்தான் முதலில் அழியும். அது இனம் பெருக்காவிட்டாலும் தொட்டியின் நோயை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆழக்கயம் எழுதியது:

பெரிய அக்வேரியங்கள் பத்தி: நீங்க கொடுக்க நினைக்கிறதையே இன்னும் எத்தனையோ பேர் கொடுக்க நினைக்கிறாங்க. அவங்ககிட்ட ரெட்டெயிலுக்குப் பஞ்சமே இல்ல. என்கிட்டயும் இப்ப இடமில்ல. வர்ற செய்திக்கெல்லாம் "முடியாதுங்க"ன்னு பதில் எழுதுறது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. அந்த மீனுக்கு அதுக்கப்புறம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

கருவிரால் எழுதியது:

அளவு விஷயத்துல நீங்க சொல்றதை ஏத்துக்கிறேன். ஆனா உயிர் மீன் விஷயத்துல என் கருத்து மாறல. வேட்டையாடுறதுக்குன்னே பிறந்த மீன், அதை பெல்லட் தின்ன வைக்கிறது இயற்கைக்கு மாறு இல்லையா?

ஆழக்கயம் எழுதியது:

நியாயமான கேள்வி, பொறுமையா சொல்றேன். ஆத்துல ரெட்டெயில் மீன் மட்டும் தின்னு வாழல. நண்டு தின்னும், வெள்ளக் காலத்துல காட்டுக்குள்ள தண்ணி ஏறும்போது மரத்துல இருந்து விழுற பழமும் தின்னும். நாம போடுறது என்ன? பெரும்பாலும் ஃபீடர் கோல்ட்ஃபிஷ், அதாவது தீனிக்குன்னே விக்கிற கோல்ட்ஃபிஷ். கோல்ட்ஃபிஷ்ல தயாமினேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது வைட்டமின் பி1-ஐ சிதைக்கும். அதையே தின்னு வளர்ற மீனுக்கு நாளடைவுல நரம்பு பாதிக்கும், நிலைகுலைஞ்சு சுழன்று நீந்தும். ஃபீடர் மீனை நெருக்கி அடைச்சு வச்சிருப்பாங்க, வெள்ளைப் புள்ளி நோயும் நங்கூரப் புழுங்கிற ஒட்டுண்ணியும் அதோட சேர்ந்தே நம்ம தொட்டிக்கு வரும். கெளுத்திக்கு செதிள் கிடையாது. செதிளுள்ள மீன் தாங்குற அளவு மருந்தை, அதுவும் தாமிரம் கலந்த மருந்தை, அதோட தோல் தாங்காது. நோய் வந்த பிறகு வைத்தியம் பார்க்கிறதே பெரும்பாடு.

குட்டியிலயே பெல்லட்டுக்குப் பழக்கிடலாம். ரெண்டு மூணு நாள் ஒண்ணும் போடாதீங்க, குட்டி தாங்கும். பிறகு உறைய வச்சு உருக்கின இறாலை இடுக்கியில பிடிச்சு ஆட்டிக் காட்டுங்க. அதை வாங்கிச் சாப்பிட ஆரம்பிச்சதும் இறாலுக்கு நடுவுல ஊறின பெல்லட்டைச் சொருகுங்க. கொஞ்சம் கொஞ்சமா இறாலைக் குறைங்க. மாட்டு இதயம் கொடுக்கிற வழக்கமும் இருக்கு, நான் அதைத் தவிர்ப்பேன். பாலூட்டிக் கொழுப்பு மீனுக்கு சரியா செரிக்காது. வளர்ந்த மீனுக்கு வாரம் ஒரு தடவை, மிஞ்சினா ரெண்டு தடவை போதும். வயிறு உப்பிக் கிடக்கிறதைப் பார்த்தா மறுபடி போடாதீங்க.

தொட்டிவாசி எழுதியது:

எல்லாருக்கும் மனசார நன்றி. உண்மையைச் சொன்னா மனசு கொஞ்சம் சோர்ந்துதான் போச்சு. 12 அடிக் குளம் கட்ட எனக்கு இடமில்ல, இனிமேலும் இருக்கப்போறதில்ல. அதனால ரெட்டெயிலை விட்டுடறேன்.

ஆனா வேட்டை மீன் ஒண்ணு வளர்க்கணும்ங்கிற ஆசை போகல. ரெட்டெயிலும் டைகர் ஷவல்நோஸ்ங்கிற இன்னொரு கெளுத்தியும் கலந்த கலப்பினம், சில்வர் அரோவானா, அலிகேட்டர் கார், இதுல ஏதாவது எனக்கு ஒத்து வருமா?

குடுவை எழுதியது:

கலப்பினமும் ஏறத்தாழ அதே அளவுதான், இடச் சிக்கல் அப்படியே இருக்கும். அலிகேட்டர் கார், கேள்வியே வேண்டாம்: 2011-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிடிபட்ட ஒன்று 148 கிலோ. சில்வர் அரோவானா 90 சென்டிமீட்டர் வரை வளரும், நீரிலிருந்து எம்பிக் கிளையில் இருக்கும் பூச்சியைப் பிடிக்கும் மீன். கனமான மூடி இல்லாவிட்டால் காலையில் தரையில்தான் கிடக்கும். ஆசிய அரோவானா அளவில் சிறிது என்றாலும் சைட்டிஸ் என்ற, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் உள்ள இனம், பண்ணையில் பிறந்ததற்கு மைக்ரோசிப்பும் சான்றிதழும் வேண்டும். 4 அடிக்கு இவற்றில் எதுவும் ஆகாது.

மேட்டுக்கேணி எழுதியது:

ஆஸ்கர் பாருங்களேன். 30-ல இருந்து 35 சென்டிமீட்டரோட நிக்கும், ஆளை அடையாளம் தெரிஞ்சுக்கும். 6 அடித் தொட்டி போடுறதா இருந்தா ஒண்ணு ரெண்டு ராஜாவாட்டம் வாழும். 4 அடியில ஒன்றரை அடி அகலம் எனக்குக் கொஞ்சம் இடிக்குது.

ஆழக்கயம் எழுதியது:

தம்பி, உங்க இப்போதைய தொட்டிக்கே ஒத்து வர்ற வேட்டை மீன்கள் இருக்கு. என் முதல் ஓட்டு செனகல் பிச்சிருக்கு. சுமார் 30 சென்டிமீட்டர் வளரும், ஒன்றரை அடி அகலத்துல சுலபமா வளைஞ்சு திரும்பும். முதுகுல வரிசையா சின்னச் சின்னத் துடுப்பு, உடம்பு முழுக்கக் கெட்டியான செதிள். சின்னக் குட்டியா வாங்கினா தலைக்குப் பின்னால இறகு மாதிரி வெளிச்செவுள் ரெண்டு ஆடுறதைப் பார்க்கலாம், வளர வளர அது மறைஞ்சிடும். கண்பார்வை மந்தம். தீனி விழுந்ததும் முன்துடுப்பை ஊனிக்கிட்டு மூக்கால தேடித்தேடி வரும், பிடிச்சதும் தலையை உதறி விழுங்கும். ரெட்டெயில்கிட்ட உங்களுக்குப் பிடிச்ச அந்த அடித்தள நடமாட்டம் இதுலயும் இருக்கு.

அடுத்தது குள்ள விரால், சன்னா கச்சுவா. 20 சென்டிமீட்டர் அளவு. ஆண் குஞ்சுகளை வாயில வச்சு வளர்க்கிறதைப் பார்க்கிற பாக்கியம் கிடைக்கலாம். ஆனா தன் இனத்தோடயே கடுமையா சண்டை போடும், தனியா அல்லது ஜோடியாதான் வைக்கணும்.

பிச்சிர் எடுத்தா சில்வர் டாலரை நண்பருக்குக் கொடுக்க வேண்டிய அவசியமே வராது. தட்டு மாதிரி உயரமான உடம்பு, பிச்சிர் வாய்க்குள்ள போகாது. சில சில்வர் டாலர் துடுப்பைக் கடிக்கும், முதல் சில வாரம் கவனிங்க. கடிச்சா பிரிச்சிடுங்க.

தொட்டிவாசி எழுதியது:

அக்கா, பிச்சிர் படங்களை இப்பதான் தேடித்தேடிப் பார்த்தேன். அந்த முதுகுத் துடுப்புலயே விழுந்துட்டேன். செனகல் பிச்சிரே வாங்கறேன். மூடி எப்படிப் போடணும்? இப்ப இருக்கிறது ரெண்டு கண்ணாடிப் பலகை, பின்னால ஃபில்டர் குழாய்க்காக மூலையில வெட்டு விட்டிருக்கு.

ஆழக்கயம் எழுதியது:

அந்த வெட்டுதான் அதோட வாசல். விரல் நுழையுற இடுக்கு இருந்தா பிச்சிர் வெளியே வந்துடும். குழாயைச் சுத்தி கெட்டியான ஸ்பாஞ்சை அளவா வெட்டி இறுக்கி அடைங்க, ரெண்டு பலகைக்கும் நடுவுல இருக்கிற கோட்டையும் பாருங்க. ஆனா காத்துப் போக வழி இல்லாம மொத்தமா சீல் பண்ணிடாதீங்க. இது மேல வந்து காத்து குடிக்கிற மீன், தலை உச்சியில இருக்கிற ரெண்டு துளை வழியா இழுக்கும். தண்ணி மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவுல மூணு நாலு விரல் இடைவெளி விடுங்க.

ஒருவேளை என்னைக்காவது தரையில கிடந்தா, காய்ஞ்சு கிடக்கேன்னு உடனே கைவிட்டுடாதீங்க. 2014-ல மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே இனக் குட்டிகளை ஈரத் தரையில மாசக்கணக்கா வளர்த்து, அது நடக்கிற விதம் எப்படி மாறுதுன்னு ஆராய்ஞ்சாங்க. அவ்வளவு தாக்குப்பிடிக்கும். ஈரக் கையால எடுத்து தொட்டியில விட்டு செவுள் அசையுதான்னு பாருங்க.

தொட்டிவாசி எழுதியது:

சரிங்க அக்கா. ஸ்பாஞ்ச் அடைச்சு, காரத்தன்மை டெஸ்ட் கிட் வாங்கின பிறகுதான் மீன். கடைசியா ஒண்ணு: ஒண்ணு வாங்கவா, ரெண்டா?

ஆழக்கயம் எழுதியது:

4 அடிக்கு ரெண்டு தாங்கும். ஒரே அளவு குட்டியா பார்த்து எடுங்க, சின்னதா பெரிசா கலந்தா பெரிசு சின்னதோட வெளிச்செவுளைப் புழுன்னு நினைச்சுக் கடிக்கும். நேரா பெரிய தொட்டியில விடாம, தனித் தொட்டியில மூணு நாலு வாரம் வச்சுப் பாருங்க. பிச்சிர் மேல ஒட்டுண்ணிப் புழு வர்றது சகஜம், உடம்பைக் கல்லுல தேய்ச்சுக்கிட்டே இருந்தா எழுதுங்க, மருந்து அளவு சொல்றேன்.